விமான தூரமும் பயண நேரமும் கணக்கிடுவது எப்படி?

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், பூமி உருண்டை. உருண்டையின் மேல் ஓடும் மிகக் குறுகிய வளைகோடுதான் தூரம். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து பூமியின் மையத்தில் விழும் கோணத்தைக் கண்டுபிடித்து, பாகையை 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். லண்டன் ஹீத்ரோ - நியூயார்க் கென்னடிக்கு ஏறக்குறைய 49.8 பாகை, அதாவது சுமார் 5,540 கி.மீ. விடை கடல் மைலில் கிடைத்தால் 1.852 ஆல் பெருக்குங்கள். சாலை மைல் என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850-900 கி.மீ. வேகத்தில் போகும். 5,540ஐ 880 ஆல் வகுத்தால் 6 மணி 18 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது என அரை மணிக்கு மேல் கூட்டுங்கள். மேற்கே போகும்போது எதிர்காற்று; இன்னும் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டனில் 11:00க்குக் கிளம்பி நியூயார்க்கில் 14:00க்கு இறங்கினால் பயணம் 3 மணி அல்ல. 5 மணி வித்தியாசத்தையும் சேர்த்து 8. மார்ச்சில் கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா, பிரிட்டனுக்கு முன்பே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால், சில வாரங்களுக்கு அந்த வித்தியாசம் 4தான்.