சுவரை இடிக்காமல் ஹாலைப் புதுப்பிக்க

அடுக்குமாடி வீடு கட்டி 15, 20 வருஷம் ஆனதும் ஹால் மங்கிப்போகும். உடனே எல்லோர் கண்ணும் சோபா மேல்தான் விழும். ஆனால் புது சோபா வந்து இறங்கிய பிறகும் ஹால் பழசாகவே தெரியும். பழசைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூன்று இடங்கள்: உப்பு பூத்த சுவர், வெளுத்த டியூப்லைட் வெளிச்சம், டி.வி.க்கு அடியில் தொங்கும் ஒயர். செலவு குறைவான இவற்றை முதலில் முடித்துவிட்டு, கையில் மிஞ்சும் பணத்தைத் ஸ்க்ரீன் துணிக்கும் சோபாவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே தரும் கணக்கெல்லாம் 12-க்கு 15 அடி, 10 அடி உயரமுள்ள ஹாலுக்கு. வேலையின் வரிசை: சாமான்களை வெளியேற்றுவது, ஈரம், ஒயரும் துளையும், விளக்கு, பெயின்ட், கடைசியாகத் துணி. இதை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். பெயின்ட் அடித்த பிறகு டிரில் போட்டால் சிமென்ட் தூள் புதுச் சுவரில் ஒட்டும். பல்பை மாற்றுவதற்கு முன்பே நிறம் தேர்ந்தெடுத்தால், பல்பை மாற்றிய அன்றே அந்த நிறம் வேறாகத் தெரியும்.

ஷோகேஸ், டீபாய், காலண்டர், கண்ணாடி, பரிசுக் கோப்பை எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, ஒரு வாரம் சோபாவும் டி.வி.யும் மட்டும் ஹாலில் இருக்கட்டும். அந்த ஒரு வாரத்தில் யாரும் தேடாத பொருளுக்கு ஹாலில் திரும்ப இடம் தர வேண்டியதில்லை. நடக்கும் வழி இரண்டரை அடியாவது வேண்டும். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 16 முதல் 18 இன்ச் விடுங்கள். சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் 3 இன்ச் தள்ளிப் போட்டால் சுவரும் கறைபடாது, பின்னால் விளக்குமாறும் போகும்.

ஈரம் இருக்கிற சுவரில் எதுவும் நிற்காது

பெயின்ட் பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாகத் தூள் பூக்கிறது என்றால், அதன் மேல் பட்டி (சுவரைச் சமன்செய்யும் பூச்சு) பார்த்து பெயின்ட் அடிப்பது காசைக் கரைப்பதுதான். அடுத்த மழைக்கே திரும்ப வரும். தண்ணீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் பெயின்ட்டுக்கு அடியில் படிந்து அதைத் தூக்கிவிடுகிறது. ஆகவே தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவரில் கை வைக்கக் கூடாது.

வழியைக் கண்டுபிடிக்க, கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழிருந்து இரண்டு மூன்று அடி வரை பட்டையாக இருந்தால், தரைத்தளத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது குழாய் மேல் சந்தேகம் வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கினால் வெளிச்சுவர் விரிசல் அல்லது சன்ஷேடில் தேங்கும் தண்ணீர். சீலிங்கில் வட்டமாக இருந்தால் மேல் வீட்டுக்காரரோடு பேசித்தான் தீர வேண்டும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று சோதிக்க ஓர் அடி சதுரமுள்ள கனமான பிளாஸ்டிக் தாளை, நான்கு ஓரமும் காற்று புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், பயப்பட வேண்டாம்.

கசிவை நிறுத்திய பிறகு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி முறத்தில் அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். தட்டிப் பார்த்து டொக்கென்று வெற்றொலி கேட்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சில வாரம் ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். போகிக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும். ஜனவரி முதல் வாரத்தில் வெளிச்சுவர் இன்னும் மழையைக் குடித்தே நிற்கும். அந்தச் சுவர்களை மட்டுமாவது மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

ஒயரும் துளையும்

டி.வி.யைச் சுவரில் மாட்டும்போது, திரையின் நடுப்பகுதி சோபாவில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து ஏறக்குறைய 42 இன்ச்சில் வர வேண்டும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால் இன்னும் 6 இன்ச் இறக்கலாம். வரவேற்பறையில் படம் மாட்டுவதுபோல உயரத்தில் மாட்டிவிட்டு, அப்புறம் கழுத்துவலி என்பார்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே கூடாது. சுவருக்குள் ஒயர் போகும் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும். ஆணி அடித்தால் பூச்சு சிதறும். 8 எம்.எம். துளை போட்டு, தூளை ஊதி வெளியேற்றிவிட்டு, அதே அளவு பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்குரு முடுக்குங்கள். தூள் உள்ளே இருந்தால் பிளக் வழுக்கும். தொங்கும் கேபிள்களுக்கு 1 இன்ச் பி.வி.சி. கேசிங் (ஒயரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டை) போதும். அதைப் பெயின்ட்டுக்கு முன்பே ஒட்டி, சுவரோடு சேர்த்து அதே நிறம் அடித்துவிட்டால் கண்ணில் படாது. மின்சார ஒயரையும் டி.வி. கேபிளையும் ஒரே கேசிங்கில் திணிக்க வேண்டாம்.

வெளிச்சம்

நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் நீல வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; அது குறையக் குறைய மஞ்சள் கூடும். அந்த வெளிச்சத்தில் சந்தன நிறச் சுவர் சாம்பல் பூசியதுபோல இருக்கும், தேக்கு மேஜை செத்துப்போகும். 180 சதுர அடி ஹாலுக்கு மொத்தம் 3500 முதல் 4000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தாராளம். 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (பட்டியோடு வரும் டியூப் விளக்கு) ஒன்று ஏறக்குறைய 2000 லூமென் தரும். அதை 4000 கெல்வினில் வாங்கி நீளச் சுவரில் மாட்டுங்கள். மீதியை 3000 கெல்வின் 9 வாட் பல்பு இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சோபா மூலையில் ஸ்டாண்ட் விளக்காகவும் மற்றொன்றை எதிர்ச்சுவரிலும் வைக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருந்தால்தான் பயன். பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணையும் (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு) பாருங்கள்; 80-க்குக் குறைந்தால் துணியின் நிறம் சரியாகத் தெரியாது.

பழைய டியூப்லைட் பட்டியிலேயே எல்.இ.டி. டியூப்பைச் சொருகலாம் என்று கடையில் சொல்வார்கள். பல டியூப்களுக்கு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி ஒயரை மாற்ற வேண்டியிருக்கும். முழு பேட்டனாக வாங்கி எலக்ட்ரீஷியனை மாட்டச் சொல்வது சுலபம். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு வந்தால் நிழல் வெட்டி வெட்டி ஓடும், அதைத் தவிருங்கள்.

பெயின்ட்

முதலில் பழைய பூச்சு எது என்று தெரிய வேண்டும். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு எடுக்காமல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால், பெரிய பெரிய ஏடாக உரிந்து வரும். கையில் ஒட்டவில்லை என்றால் 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் மங்கவைத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சோபாவுக்குப் பின்னால், தலை சாய்கிற உயரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். அது தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். அதன் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஒன்று ஒட்டாது, அல்லது சில வாரத்தில் கறை மேலே ஊறிவரும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து ஸ்பாஞ்சால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, 180 நம்பர் தாளால் உரசி, அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுங்கள். சாமி ஸ்டாண்டுக்கு மேல் படிந்த ஊதுவத்திப் புகைக்கும் இதே வைத்தியம்தான்.

சின்னப் பள்ளம், ஆணித் துளைகளுக்கு அக்ரிலிக் பட்டி வாங்குங்கள். வெள்ளைச் சிமென்ட் பட்டி பழைய பெயின்ட்டின் மேல் பிடிக்காது. அது வெறும் பூச்சுச் சுவருக்கானது. ஒரே தடவையில் குழியை நிரப்பினால் காய்ந்து வெடிக்கும். மெல்லியதாக இரண்டு முறை இழுத்து, 320 நம்பர் தாளால் தேய்த்து, பட்டி பார்த்த இடத்துக்கெல்லாம் பிரைமர் அடியுங்கள். இதை விட்டால் அந்த இடம் பெயின்ட்டை உறிஞ்சி, வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அளவு: நான்கு சுவரும் சேர்த்து 540 சதுர அடி, கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 450. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 110 முதல் 130 சதுர அடி வரும். ஆகவே 4 லிட்டர் வேண்டும். ஒரே ஒரு 12 அடிச் சுவருக்கு மட்டும் நிறம் மாற்றுவதாக இருந்தால் 120 சதுர அடி. 1 லிட்டர் மட்டுமட்டாகத்தான் வரும். கடையில் கலந்து தரும் நிறமென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். இரண்டாவது டப்பாவின் நிறம் நூலிழை மாறினாலும் சுவர் நடுவே கோடு தெரியும். தண்ணீர் எவ்வளவு சேர்ப்பது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். பெயின்டர் கண்ணளவாக ஊற்றினால் மூடுதிறன் குறைந்து மூன்றாவது கோட் கேட்கும்.

ஓரங்களில் முதலில் 2 இன்ச் பிரஷால் பெயின்ட் இழுத்துவிட்டு, அது காய்வதற்குள் ரோலரை ஓட்டுங்கள். ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் அந்த இடத்தில் தழும்பு நிற்கும். அடுத்த கோட்டுக்கு 4 முதல் 6 மணி நேரம், ஈரக்காற்று அடிக்கும் நாளில் இன்னும் கூடுதலாக விடுங்கள். மேடுபள்ளமான சுவருக்குப் பளபளப்பான பெயின்ட் வேண்டாம். அத்தனை குறையையும் விளக்குப் போட்டுக் காட்டும்.

ஸ்க்ரீன்

ராடை ஜன்னல் சட்டத்துக்கு 6 முதல் 8 இன்ச் மேலே, இருபக்கமும் 8 இன்ச் நீட்டி மாட்டினால் ஜன்னல் பெரிதாகத் தெரியும். திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது. ராட் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும். 5 அடி ஜன்னலுக்கு ராட் சுமார் ஆறேகால் அடி, துணி சுமார் பன்னிரண்டரை அடி. கடையில் கிடைக்கும் 4 அடி அகல ஸ்க்ரீன் மூன்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். இரண்டே போதும் என்று வாங்கினால், மூடும்போது வேட்டி விரித்ததுபோல நிற்கும். கரூர் பருத்தித் துணியை எடுத்துத் தைப்பதாக இருந்தால், ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள்.

சோபா

உட்கார்ந்தால் உள்ளே அமுங்குகிறதா? குஷனைத் தூக்கிவிட்டு அடியில் உள்ள பெல்ட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பெல்ட் தொய்ந்திருந்தால் எந்த ஸ்பாஞ்ச் போட்டாலும் வீண். பெல்ட் நன்றாக இருந்தால் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றலாம். இருக்கைக்கு 40 டென்சிட்டி (ஸ்பாஞ்சின் அடர்த்தி) கேளுங்கள், முதுகுக்கு 32 போதும். உறையின் அளவைவிட ஸ்பாஞ்சை அரை இன்ச் பெரிதாக வெட்டச் சொன்னால் சுருக்கம் விழாது.

22-க்கு 22 இன்ச், 5 இன்ச் கனமுள்ள குஷன் ஒன்றுக்கு 54 இன்ச் அகலத் துணி 1 மீட்டர் போதும். மேல், அடி இரண்டும் 23 இன்ச் சதுரமாக அருகருகே வரும். கீழே மிஞ்சும் பகுதியில் 6 இன்ச் பட்டை இரண்டு, பக்கவாட்டில் மிஞ்சும் 8 இன்ச்சில் ஜிப் வைக்கும் பின்பட்டை. கோடு அல்லது பூ டிசைனை ஒன்றோடொன்று பொருத்த வேண்டுமென்றால் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரெக்ஸின் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ஈரக்காற்றில் அந்தப் பூச்சே சிதைகிறது. உறை மாற்றுவது ஒன்றே வழி.

தரை

மொசைக், மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. அது மார்பிள் சில்லையும் சிமென்ட்டையும் சேர்த்து அரித்து, தரையைச் சொரசொரப்பாக்கிவிடும். டைல்ஸ் என்றாலும் இடுக்கில் உள்ள சிமென்ட்டைத் தின்னும். கறுத்த இடுக்கை 2, 3 எம்.எம். ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பசை) நிரப்பலாம். டைல்ஸ் மேல் வழிந்ததை அப்போதைக்கு அப்போதே துடைத்துவிடுங்கள், இறுகிவிட்டால் பிளேடு போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தரையில் விரிக்க, தடித்த கார்ப்பெட்டைவிட பவானி ஜமக்காளம் நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றது, உதறலாம், துவைக்கலாம். சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறி நிற்கிற அளவில் வாங்குங்கள். டீபாய்க்கு அடியில் மட்டும் கிடக்கிற சின்ன விரிப்பு ஹாலைச் சுருக்கிக் காட்டும். வழுவழு டைல்ஸ் என்றால் ரப்பர் வலையை அடியில் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கக் கூடாது.