என்ஜின் சூடேறியும் ரேடியேட்டர் விசிறி சுழலாதபோது பழுதைத் தேடும் முறை

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை காரின் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது. மூடிய ரயில்வே கேட்டிலோ கும்பகோணத்துக் கடைத்தெரு நெரிசலிலோ சில நிமிடங்கள் நின்றதும் முள் சிவப்புக் குறியை நோக்கி ஏறுகிறது. மறுபடி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து தென்பட்டால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் விசிறியின் மேல்தான் விழவேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரின் சூட்டைத் தணித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய விசிறியை விட்டால் வேறு வழி இல்லை. வேகமாக ஓடும்போதும் சூடேறினால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), வாட்டர் பம்ப், உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அது வேறு தேடல்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் முழு வேகத்தில் விடுங்கள். வெயில் காலத்தில் இது கொடுமைதான். ஆனால் என்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அவ்வழியாக வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை அப்போது திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் (என்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம்) 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்; மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று உறுதியான பிறகே, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகவேண்டும். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதே என்று மொண்டு ஊற்றுவதும் வேண்டாம். சூடான என்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும், வண்டலும் உள்ளே போய்த் தங்கிவிடும். அவசரத்துக்கு, என்ஜின் ஆறிய பின் கேன் தண்ணீர் போதும்.

சோதனையைக் கூலன்ட் அளவிலிருந்து தொடங்குவதே முறை. அளவு குறைந்து, வெப்பத்தை அறியும் சென்சாரின் முனை திரவத்தில் மூழ்காமல் போனால், என்ஜின் கொதித்தாலும் சென்சார் அதைச் சரியாக உணராது. விசிறிக்கும் ஆணை போகாது. இந்த நிலையில் விசிறியை மாற்றினால் காசுதான் வீண். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவில் கலந்து ஊற்றுவது பொதுவான வழக்கம். கடலோர ஊர்களின் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றிப் பழகியவர்களின் ரேடியேட்டரில் உப்புப் படிந்து குழாய்கள் குறுகிவிடுகின்றன.

அடுத்தது ஏசி சோதனை. என்ஜின் அதிகம் சூடாகாத நிலையில் அதை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் ரேடியேட்டர் விசிறியும் சுழலவேண்டும். சுழன்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் சென்சாரிலோ அதன் ஒயரிலோ இருக்கும். சுழலாவிட்டால் முடிவு அவ்வளவு உறுதியானதன்று. ஏசியில் கேஸ் குறைந்திருந்தாலும் விசிறி சுழலாமல் இருக்கலாம். இரண்டு விசிறிகள் உள்ள காரில் இரண்டையும் தனித்தனியே கவனிக்கவேண்டும்.

இனி மின்சாரம் எங்கே நின்றுபோனது என்று தேடலாம். விசிறிக்கு அருகில் கையை நீட்டுமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் அணைந்திருந்தாலும் சில கார்களில் விசிறி தானாகச் சுழலும், விரல் தப்பாது. இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் மோட்டார் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது அச்சில் வைக்கோல் சுற்றியிருக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே உலர்த்தும் பகுதிகளில் இது புதிதன்று. பதரும் தூசும் ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே அப்பிக்கொண்டால் விசிறி நன்றாகச் சுழன்றும் சூடு இறங்காது.

இறக்கை தடையின்றிச் சுழன்றால் பேட்டரியை மீண்டும் இணைத்து, பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து விசிறியின் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதைத்தான் போடவேண்டும். பெரிய ஃபியூஸோ செம்புக் கம்பியோ போட்டால் அடுத்து எரிவது ஒயரிங்காக இருக்கும். ஃபியூஸ் காரணமில்லாமல் எரிவதில்லை. இறுகிய மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்திருக்கும், அல்லது தோல் உரிந்த ஒயர் பாடியில் உரசியிருக்கும். ரிலே என்பது விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச். அதைச் சோதிக்க, அதே எண்ணும் அதே கால் அமைப்பும் உள்ள ஹார்ன் ரிலே போன்ற ஒன்றை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய வழி.

அதன் பின்னும் சுழலாவிட்டால் மோட்டாரின் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் செருகியை, கழற்றுங்கள். பாதித் தேடலை ஒரே அடியில் முடித்துவிடும் இடம் இது. ஃபியூஸ் வைத்த தடித்த ஒயர்களால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுங்கள். சுழலவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது. மோட்டாரின் உடலில் மெல்லத் தட்டியதும் சுழன்றால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. வீடு வந்து சேரலாம், ஆனால் அதை நம்பி மறுநாள் புறப்படக்கூடாது. நேர் மின்சாரத்தில் நன்றாகச் சுழன்றால் மோட்டாரை விட்டுவிட்டு, ஏசி ஓடும்போது கப்ளருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சிறிய டெஸ்ட் லேம்ப் இங்கே ஏமாற்றிவிடும்: துருவேறிய இணைப்பு வழியாகவும் அது எரியும், ஆனால் விசிறிக்குத் தேவையான பல ஆம்பியர் மின்சாரம் அந்த இணைப்பைக் கடந்து போகாது. ஆகவே பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பையே சோதனை விளக்காகப் பயன்படுத்துவது நல்லது. பல்பு மங்கலாக எரிந்தால் எர்த் இணைப்பையும் கப்ளர் பின்களையும் சுத்தம் செய்யவேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் ஓடும் கார்களில் பின்கள் பச்சை பூத்திருப்பதை முதலில் எதிர்பார்க்கலாம். வயலையொட்டிய வீடுகளில் நிறுத்தும் காரானால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். பானட்டுக்குள் புழுக்கையோ வைக்கோல் துணுக்கோ கிடந்தாலே போதிய சாட்சி. இரட்டை வேக விசிறிகளில் வேகமாக மட்டும் சுழன்று மெதுவாகச் சுழலாவிட்டால், குறைந்த வேகத்துக்காக மின்சாரத்தைக் குறைத்துவிடும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

சென்சாரின் மேல் சந்தேகம் வந்தால், என்ஜின் ஓடும்போது அதன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி இதைப் பழுதாகக் கருதி, பாதுகாப்புக்காக விசிறியை ஓடவிடும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியும். விசிறி சுழன்றால் ரிலேயும் ஒயரிங்கும் குற்றமற்றவை. ரேடியேட்டரிலேயே தெர்மோ ஸ்விட்ச் (சூடேறினால் தானாக இயங்கும் ஸ்விட்ச்) உள்ள பழைய கார்களில் நிலை வேறு: ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் இணைத்தால் விசிறி சுழலவேண்டும். அப்படிச் சுழன்றும், ஓட்டும்போது மட்டும் ஓடவில்லையென்றால், ஸ்விட்சை மாற்றுமுன் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்; என்ஜின் கொதிக்கும்போது அது குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, சுடுநீர் ஸ்விட்சை எட்டவே இல்லை.

பல பட்டறைகளில் இத்தனை தேடலும் எதற்கென்று விசிறியை, சாவியைத் திருப்பியதும் வரும் மின்சாரத்தில் நேராக இணைத்து, ‘டைரக்ட்’ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர அது போதும். நிரந்தரமாக அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் தேய்வதோடு, ரிலேயும் ஃபியூஸும் இல்லாத ஒயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

பழுதை நீக்கிய பிறகு ஏசியைப் போடாமல் என்ஜினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, விசிறி தானாகச் சுழன்று, நின்று, மறுபடி சுழலும்வரை காத்திருங்கள். முள் நடுவைத் தாண்டக்கூடாது. மறுநாள் காலை, என்ஜின் ஆறிய நிலையில், கூலன்ட் அளவை ஒருமுறை பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்புங்கள், உள்ளே அகப்பட்டிருந்த காற்று வெளியேறியிருக்கும்.