80 பேர்ச்சில் சமதரை எவ்வளவு? மலையகத்தில் பழைய வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு அறை 10 அடிக்கு 12 அடி. அதை விட்டு வெளியே வர 7 பேர்ச் காணி கேட்டு எத்தனை வருடம் பேசினோம் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு தரகர் வந்து, "டவுனுக்குப் பக்கத்துல, துரை காலத்து வீடு, 80 பேர்ச் சார்" என்றால் தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்? 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஆக, அரை ஏக்கர். முன்னால் ஹைட்ரேஞ்சியா, பின்னால் பெயார்ஸ் மரம், கூரைக்கு மேலே புகைபோக்கி. அந்தக் கிறுகிறுப்பில்தான் தவறெல்லாம் நடக்கிறது. என் மச்சானுக்காகப் பண்டாரவளைப் பக்கம் வீடு தேடி அலைந்தபோது நாங்களும் ஒன்றிரண்டு செய்தோம்.

முதல் தவறு, பேர்ச்சை எண்ணி விலை பேசுவது. பேர்ச் ஒன்றுக்கு இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு என்று தரகர் சொல்லுவார். கொழும்பில் அந்தக் கணக்குச் சரி. இங்கே காணி படுத்துக் கிடப்பதில்லை, சாய்ந்து கிடக்கிறது. நில அளவை பிளானில் இருப்பது கிடைமட்டமாகக் கணக்கிட்ட பரப்பு. எவ்வளவு சரிவு என்பதைச் சாதாரண பிளான் காட்டாது. நாங்கள் பார்த்த அந்த 80 பேர்ச்சில் வீடும் முற்றமும் சேர்ந்து 20 பேர்ச் சமதரை இருந்தால் அதிகம். மிச்சம் கருங்கல் தாங்குசுவருக்குக் கீழே ஓடை வரைக்கும் சரிந்து போனது. எல்லைக் கல்லைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குத் தரகர் மேலே நின்றே கையை நீட்டினார். நான்தான் புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். நான்கு கல்லில் இரண்டுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் லீக்ஸ் பாத்தி.

அதனால் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லை முழுவதும் நடங்கள். முடிந்தால் சொந்தச் செலவில் ஒரு நில அளவையாளரைக் கூட்டிப் போங்கள். சமதரைக்கு ஒரு விலை, சரிவுக்கு ஒரு விலை என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். "பிறகு பின்பக்கத்தைத் துண்டு போட்டு வித்திரலாம்" என்ற ஆசை காட்டலுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். துண்டு போட உள்ளூராட்சிச் சபையின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் போதிய அகலத்தில் பாதை வேண்டும். பாதை விட்டால் வீட்டு முற்றமே போய்விடும் என்கிற அமைப்பில்தான் நம் ஊர்ப் பழைய வீடுகள் பாதி இருக்கின்றன. பலா மரத்தை வெட்டி விற்றே செலவைச் சமாளிக்கலாம் என்பார்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, அனுமதி எடுக்க வேண்டும்.

வெயில் நாளில் வீடு பார்ப்பது

வசந்த காலத்துக்கு நுவரெலியா போகிறவர்கள் அப்படியே ஏப்ரலில் வீடும் பார்த்துவிட்டு வருவார்கள். சுவர் காய்ந்திருக்கும், பூ பூத்திருக்கும், புதுப் பெயின்ட் வாசனை வரும். அப்புறம்தான் மழை வரும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் அடிக்கும். எந்தப் பக்கத்து வீடோ, அந்தப் பக்கத்து மழையில் குடையோடு ஒரு தடவை போங்கள். ஒரு மணி நேரம் நின்றால் போதும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேல் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, தாங்குசுவரில் வடிய விட்ட துவாரங்களால் தண்ணீர் வருகிறதா, இல்லை சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும்.

நாங்கள் முதலில் போனது நல்ல வெயிலில். திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கூப்பிட்டார். "வீடு பாக்க வந்தீங்களா தம்பி? மழைக்கு வந்து பாருங்க. மேல கெஸ்ட் ஹவுஸ் கட்டுனப்ப கானை மூடிட்டாங்க. தண்ணி எல்லாம் இந்தக் குசினிப் பக்கமாதான் எறங்குது." தரகர் அரை நாள் பேசியதில் இந்த விஷயம் இல்லை.

கான் வெட்டுவது என்றால் என்ன என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிவில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்காமல் பக்கவாட்டில் வழிந்தோட வைப்பது அதுதான். பழைய வீடுகளின் பின்புறம் கல் பதித்த கான் பெரும்பாலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை மண் போட்டு மூடி மேலே கார் நிறுத்த இடம் செய்வார்கள். "100 வருஷமா நிக்கிற வீடு, இனியா விழப்போகுது?" என்ற வாதத்தின் ஓட்டை இங்கேதான். வீடு அதே வீடுதான். மேலே இருந்த காட்டையும் தேயிலையையும் வெட்டி, குன்றைச் செங்குத்தாகச் செதுக்கி, கானை மூடியது போன வருடம். 100 வருடம் தாங்கியது வேறு மலை.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களின் மேல் மண் வந்து மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் இறங்கின. அதற்குப் பிறகும் மண்சரிவு அறிக்கை கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் உண்டு. இந்த மாவட்டங்களில் புதிதாகக் கட்டவோ பெருப்பிக்கவோ அவர்களின் அறிக்கை எப்படியும் தேவைப்படும். வாங்கிய பின் கேட்கப்போவதை வாங்குவதற்கு முன் கேளுங்கள். நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்களும் இருக்கின்றன: ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், மின்கம்பங்கள், புல்லுக்குள் ஓடும் நீளமான வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வருவது.

புதுப் பெயின்ட்டை நம்புவது

வீட்டுக்குள் போனால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து பார்க்கச் சொல்வேன். சுவரும் தரையும் சேரும் இடம், கதவு நிலையின் அடி, ஜன்னலின் மூலை. வெடிப்பு கண்ணில் பட்டால் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். உள்ளே தூசியும் சிலந்தி வலையும் இருந்தால் அது பழைய வெடிப்பு, அசையாமல் இருக்கலாம். விளிம்பு கூராக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதிது. மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும் வெடிப்பும், மூடாமல் சிக்கும் கதவும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து அத்திவாரம் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மச்சான் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிவிட்டு வந்தார். ஆறு வாரம் கழித்துப் போனோம். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது.

பழைய கருங்கல் சுவர்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசி, தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். "புதுசா பூசியிருக்கு" என்பது அதனால் எனக்கு நல்ல செய்தி இல்லை. பலகைத் தளத்தைக் குதிகாலால் தட்டிப் பாருங்கள், கறையான் தின்ற இடம் சத்தத்திலேயே தெரியும். கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால், கழற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதை உடைத்துத் தூசி கிளப்பக் கூடாது. வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு என்றால் முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பத்திரம் இருக்கிறது என்றால் போதும் என்று நினைப்பது

எந்தப் பத்திரம்? முழு உரிமையுள்ள தனியார் காணிக்கான சின்னக்கர உறுதியா, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா? கடைசி இரண்டில் ஒன்று என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கை மாற்ற முடியாது. உறுதியென்றால் சட்டத்தரணி மூலமாகக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது பின்னோக்கித் தேடுங்கள். பழைய வீடுகள் பலவும் பரம்பரைச் சொத்து. விற்கிறவரின் அக்கா கனடாவில் இருப்பார், அவருக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். காணி தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரிந்த துண்டு என்றால், 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் அதைத் தொட்டிருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சபையிலிருந்து வீதிக்கோடு, கட்டடக்கோடு சான்றிதழ் எடுக்க வேண்டும். ரோட்டை அகலமாக்கும்போது முன் வராந்தா போகுமா என்பது அதில்தான் தெரியும்.

பெரிய காணிகளில் இன்னொன்று உண்டு. பின்னால் ஒரு சின்ன அறையில் காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கும். "அவங்க நம்ம ஆளுங்க, போயிருவாங்க" என்பார் உரிமையாளர். எத்தனை வருடமாக இருக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்களா, என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி 10 வருடத் தடையற்ற எதிருரிமை ஆட்சியை, அதாவது உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாகவே வைத்திருந்ததைக் காட்டி ஒருவர் காணிக்கு உரிமை கோரலாம். வாடகைக்காரர் என்றால் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. வழக்கில் அவர்கள் வெல்வார்களா என்பது வேறு விஷயம். முடியும் வரை வீடு உங்களுக்கில்லை. அந்த லீக்ஸ் பாத்திக்கும் இதே கதைதான்.

தண்ணீரும் பாதையும் யாருடைய நிலம் வழியாக வருகின்றன என்றும் கேளுங்கள். குழாய் பக்கத்துக் காணி ஊற்றிலிருந்து வாய்ப்பேச்சில் வருகிறதென்றால், உறவு முறியும் அன்று தண்ணீரும் நிற்கும். தோட்ட ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அந்தப் பாதை உரிமை உறுதியில் எழுதியிருக்க வேண்டும். செலவையும் மறக்காதீர்கள். முத்திரைவரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். 3 கோடி ரூபாய் வீட்டுக்கு அது மட்டும் ஏறக்குறைய 12 இலட்சம். நொத்தாரிசின் கட்டணம் தனி.

அந்த வீட்டை மச்சான் வாங்கவில்லை. போன மழைக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வாங்கியவர் குசினிப் பக்கத்துச் சுவரை இடித்துவிட்டு, பின்னால் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த அம்மா, பழைய கான் எந்த வழியாகப் போனது என்று அவருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.