கொதிக்கும் வெயில், பலத்த காற்று: கிளைடர் பந்தய நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போ நகருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி நாரமைன் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் தட்டையான கோதுமை நிலம். டிசம்பரில் அறுவடை முடிந்த வயல்களில் வெறும் அரிதாள்தான் நிற்கும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஊரின் பெயர் நன்றாகத் தெரியும். 2015 டிசம்பரில் இளையோருக்கான உலக சாம்பியன்ஷிப்பும், 2023 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப்பும் இங்கேதான் நடந்தன.

பந்தய கிளைடர் இயந்திரத்தின் பலத்தில் பறப்பதில்லை. ஒரு சிறு விமானம் கயிற்றில் கட்டி ஏறக்குறைய 600 மீ. உயரம் வரை இழுத்துப் போய் விட்டுவிடும். அதற்கப்புறம் எல்லாம் தெர்மலை நம்பித்தான். சூடேறிய நிலத்திலிருந்து மேலே கிளம்பும் காற்றுக்குத்தான் அந்தப் பெயர். பருந்து வட்டமிட்டு ஏறுவது போல அதற்குள் சுற்றி உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல் வரை சறுக்கிப் போக வேண்டும். இப்படியே 400, 500 கி.மீ. போய், குறித்த புள்ளிகளைத் தொட்டு, வேகமாகத் திரும்புகிறவருக்கு அன்றைய முதலிடம். ஒரு நாளுக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள்.

வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற நாளில் தெர்மல் தாராளமாகவே கிடைக்கும். அந்தத் தெம்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. காற்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் வாங்குகிற விலையையும், வெயில் நம் தலைக்குள் செய்கிற வேலையையும் மறந்துவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மறதியில் பிறந்தவை.

தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது

ஐந்து மணி நேரம் கால் நீட்டிப் படுத்த நிலையில் ஒரே இருக்கையில் இருக்க வேண்டும். நடுவில் சிறுநீர் வந்தால் தொல்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விளையாட்டில் அதிகம் பேர் செய்வதும், குறைவாகப் பேசப்படுவதும் இந்தத் தவறுதான் என்று நினைக்கிறேன்.

தரையில் 40 டிகிரி என்றால், 3000 மீ. உயரத்தில் 12 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி என்ற கணக்கில் காற்று குளிர்ந்துகொண்டே போகும். ஜில்லென்ற காற்று முகத்தில் படும்போது தாகமே தெரியாது. ஆனால் அந்தக் காற்று வறண்டது. கண்ணாடி மூடி வழியாக வெயில் நேரே உடம்பில் இறங்குகிறது. உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் விளைவு தெரிய ஆரம்பிக்கும். தலைவலி வருவதற்கு முன்பே யோசனை மந்தமாகிவிடும். விட்டுப் போக வேண்டிய தெர்மலில் இன்னும் இரண்டு சுற்று சுற்றுவீர்கள். ரேடியோவில் சொன்னது காதில் விழும், மனதில் பதியாது. எளிய கழித்தல் கணக்குக்கு இரண்டு தடவை யோசிப்பீர்கள்.

முந்தின நாள் மாலையிலிருந்தே குடிக்கத் தொடங்குங்கள். விமானத்துக்குள் குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் மூன்று லிட்டராவது இருக்கட்டும். வெறும் தண்ணீரோடு உப்பும் வேண்டும். நம் ஊரில் வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோர் கொடுப்பதன் காரணம்தான் இதற்கும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்து வைத்துக்கொண்டால் சரி. சிறுநீருக்கு வெளியே போகும் குழாய், உறிஞ்சும் தூள் போட்ட பை, பெரியவர்களுக்கான டயப்பர் என்று வழிகள் உண்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எது உங்களுக்குச் சரிவருகிறது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆக்சிஜனையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 10,000 அடிக்கு மேல், அதாவது சுமார் 3050 மீ.க்கு மேல், ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தருகே 40 டிகிரியும், பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 12 டிகிரியும் இருந்தால் மேகத்தின் அடி ஏறக்குறைய 3500 மீ.க்குப் போய்விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு டிகிரிக்கு 125 மீ. என்பது கணக்கு. ஆகவே இந்த மாதிரி நாளில் அந்தக் கருவி கட்டாயம் தேவைப்படும். ஆக்சிஜன் குறைந்த மூளைக்குத் தான் நன்றாக யோசிப்பதாகவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

புறப்படும் வரிசையில்

கிளைடர்கள் ஓடுபாதையில் வரிசையாக நிற்கும். சில நாள் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரிடும். அப்போது கண்ணாடி மூடியைத் திறந்து போட்டுவிட்டு நிழலுக்குப் போவது பெரிய தவறு. வளைந்த அந்தக் கண்ணாடி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து, இருக்கையையும் பட்டையையும் பொசுக்கிவிடும். தீப்பிடித்ததும் உண்டு. மூடி, மேலே வெள்ளைத் துணி போர்த்திவிட்டுப் போங்கள்.

நாரமைன் கடல்மட்டத்திலிருந்து 240 மீ. உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று 1200 மீ. உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். இழுவை விமானத்துக்கு ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். பின்னால் தொங்குகிற கிளைடரோ இறக்கைகளில் தண்ணீர் நிரப்பியிருக்கும். இறக்கை நீளம் 18 மீட்டர் வரை உள்ள வகுப்பில் மொத்த எடை 600 கிலோ வரை போகலாம். 400 கிலோவாக இருந்த கிளைடரை 600 கிலோ ஆக்கினால், அதே சறுக்குக் கோணத்தில் வேகம் சுமார் 22 சதவீதம் கூடும். தண்ணீர் நிரப்புவதே அதற்காகத்தான். ஆனால் காற்றில் நிற்பதற்கான குறைந்தபட்ச வேகமும் அதே 22 சதவீதம் கூடிவிடுகிறது. பக்கக் காற்றில் ஓட்டம் தொடங்கும் முதல் சில விநாடிகளில் இறக்கை சாய்ந்தால் தூக்கி நிறுத்தும் வலு அதற்கு இருக்காது. இறக்கை நுனி தரையைத் தொடப் போகிறது என்று தெரிந்தவுடன் மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கயிற்றை விட்டுவிட வேண்டும். இடது கை அந்தக் கைப்பிடியின் அருகிலேயே இருக்கட்டும். ‘நிமிர்ந்துவிடும்’ என்று காத்திருந்தவர்கள்தான் விமானம் சுழன்று அடிபட்டிருக்கிறார்கள்.

நீலக் கைப்பிடி ஏர்பிரேக்குக்கு, அதாவது இறக்கையில் எழும்பி கிளைடரைக் கீழிறக்கும் தட்டுக்கு. அதைப் பூட்ட மறந்து புறப்படுவது வெயில் நேரத்தில் அதிகம் நடக்கும். சோதனைப் பட்டியலை நடுவில் யாராவது பேசிக் கலைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

தொடக்கக் கோட்டில்

எல்லோரும் மேலே ஏறி, தொடக்கக் கோடு திறந்த பிறகு, எப்போது புறப்படுவது என்பது அவரவர் விருப்பம். மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு, அவர்கள் சுற்றும் இடத்தைப் பார்த்துத் தெர்மலைக் கண்டுபிடிக்கலாம் என்று பலரும் காத்திருப்பார்கள். அது நல்ல உத்திதான். ஆனால் மணிக்கு 36 கி.மீ. காற்றடித்தால் சுற்றுகிற கிளைடர் விநாடிக்கு 10 மீ. நகர்ந்துகொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் சுற்றினால் 6 கி.மீ. தள்ளிப் போய்விடுவீர்கள். கோட்டுக்குத் திரும்பி வருவதற்குள் சேர்த்த உயரமெல்லாம் கரைந்திருக்கும். காத்திருப்பதானால் கோட்டுக்குக் காற்று வரும் பக்கத்தில் காத்திருங்கள்.

காற்றுக்கு எதிரே கிடைத்த தெர்மலிலெல்லாம் நிற்பது

பந்தயம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

போக நூறு, வர நூறு கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் உங்கள் சராசரி 120 கி.மீ. என்றால் மொத்தம் 100 நிமிடம். 40 கி.மீ. காற்று அடிக்கும்போது, எதிரே போகையில் சராசரி 80, பின்காற்றில் 160. எதிரே 75 நிமிடம், திரும்ப 37½. மொத்தம் 112½ நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்ற எண்ணம் தப்பு.

இப்போது நீங்கள் கொஞ்சம் சோம்பலாக, கிடைத்த வலுவற்ற தெர்மலிலெல்லாம் நின்று, சராசரியை 120லிருந்து 105 ஆக்கிவிட்டீர்கள். காற்றில்லாத நாளில் நூறு கி.மீ.க்கு 7 நிமிடம்தான் நஷ்டம். எதிர்காற்றிலோ 80 என்பது 65 ஆகிறது. 75 நிமிடம் 92 ஆகிறது. அதே சோம்பலுக்கு 17 நிமிடம். ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு, விநாடிக்கு 4 மீ. தூக்கும் தெர்மலில் 250 விநாடி போதும். அதற்குள் ஏறக்குறைய 2.8 கி.மீ. பின்னுக்குத் தள்ளப்படுவீர்கள். 2 மீ. தெர்மலில் 500 விநாடி, ஏறக்குறைய 5.6 கி.மீ.

அமெரிக்கரான பால் மெக்கிரெடி 1956இல் பிரான்ஸின் சேன்-யானில் உலக சாம்பியன் ஆனார். பின்னாளில் மனித பலத்தில் பறக்கும் விமானத்தைக் கட்டியவரும் அவர்தான். எந்த வேகத்தில் சறுக்குவது, எந்தத் தெர்மலை விட்டுவிடுவது என்பதை ஒரே எண்ணில் அடக்கிய கணக்கு அவர் பெயரால்தான் வழங்குகிறது. அடுத்து கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கிற ஏற்றம்தான் அந்த எண். அதைவிடக் குறைவாகத் தூக்குகிற இடத்தில் நிற்காமல் போக வேண்டும். காலையில் கருவியில் வைத்த எண்ணை மாலை வரை மாற்றாமல் ஓட்டுவதும் ஒரு தவறு. உயரம் குறைந்து, மேகமும் மெலிந்த இடத்துக்கு வந்துவிட்டால் எண்ணைக் குறைத்து, கிடைத்ததை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

திருப்பும் புள்ளிகளைப் பொறுத்தவரை பழைய பாடம் ஒன்று உண்டு, இன்றும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்று வரும் திசையில் உள்ள புள்ளிக்குத் தாழ்வாகப் போய்த் தொட்டுவிட்டு, திரும்பிய பிறகு ஏறுங்கள். அப்போது காற்றே உங்களை வழியில் கொண்டுபோகும். காற்று போகும் திசையில் உள்ள புள்ளிக்கு முன்பே ஏறிவிட்டு, உயரத்தோடு போய்த் திரும்புங்கள். தாழ்வு என்றால் அடுத்த தெர்மலைத் தேட இடம் வைத்த தாழ்வு என்று பொருள்.

பலத்த காற்றில் மேகங்கள் காற்றின் திசையிலேயே வரிசை கட்டும். அந்த வரிசைக்குக் கீழே சுற்றாமல் நேராகவே பல கி.மீ. போகலாம். வரிசை நம் பாதையிலிருந்து 30 டிகிரி விலகியிருந்தாலும் கூடுதல் தூரம் 15 சதவீதம்தான். சுற்றாமல் மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் காற்று கீழே இறங்குகிறது. பாதைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே நீளமாகப் போகிறவர் உயரத்தைக் கொட்டிக்கொண்டே போகிறார். குறுக்கே செங்குத்தாக வெட்டி அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள். தாழ்வாக இருக்கும்போது மேகத்துக்கு நேர்கீழே தேடுவதும் வீண். தெர்மல் காற்றோடு சாய்ந்து ஏறுவதால், அதன் அடி மேகத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கும். தரையில் எழும் புழுதிச் சுழல் இதற்கு நல்ல அடையாளம். ஆஸ்திரேலியர்கள் அதை வில்லி வில்லி என்பார்கள்.

ஒரே தெர்மலில் இருபது கிளைடர் சுற்றும்போது திரையைப் பார்க்கக் கூடாது. முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அதே பக்கம்தான் எல்லோரும். மோதல் அபாயத்தை ஃபிளார்ம் என்ற கருவி எச்சரிக்கும், ஆனால் கண்ணுக்கு அது துணைதான்.

கடைசிச் சறுக்கலும் வயலும்

காகிதத்தில் 50க்கு 1 சறுக்குகிற கிளைடர் 1000 மீ. உயரத்திலிருந்து 50 கி.மீ. போகும். 110 கி.மீ. வேகத்தில் 40 கி.மீ. எதிர்காற்றில் அது 32 கி.மீ. ஆகிவிடும். இறக்கையின் முன்விளிம்பில் பூச்சி ஒட்டியிருந்தால் இன்னும் குறையும். கருவி ‘போய்ச் சேர்வீர்கள்’ என்று காட்டியவுடன் கிளம்புவதும், எதிர்காற்றில் உயரம் போதாதபோது வேகத்தைக் குறைத்து நீட்டிப் பார்ப்பதும் கைகோத்து வருகிற தவறுகள். சிறந்த சறுக்கு வேகத்தோடு காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டிப் பறப்பது நல்ல விதி.

எட்டாது என்று தெரிந்தால் வயல்தான். 600 மீ. உயரத்தில் இறங்கத் தோதான பகுதி, 450இல் குறிப்பிட்ட வயல், 300இல் இறங்கும் சுற்று. இவை நிலத்துக்கு மேலே உள்ள உயரங்கள். உயரமானி கடல்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் நாரமைனில் 240ஐக் கழிக்க வேண்டும். களைத்த தலை மறப்பது இந்தக் கழித்தலைத்தான். ஆஸ்திரேலியக் கிராமப்புறங்களில் ஒற்றைக் கம்பி மின்தடங்கள் வயலைக் கடந்து போகும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். சிறிய துணை இயந்திரம் இருக்கிறவர்களும் இறங்கத் தோதான வயல் கைக்கெட்டும்போதுதான் அதை இயக்க வேண்டும். அது கிளம்பாமல் போகக்கூடும்.

மேற்கு வானத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சூடான வடமேற்குக் காற்றைத் தொடர்ந்து குளிர்முகம், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு, வரும். காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பும், புழுதியும் இடியும் கூடவே வரலாம். மேகத்திலிருந்து தரையைத் தொடாமல் தொங்கும் மழைத்திரைக்குக் கீழே போய் வேகத்தைத் தேடாதீர்கள். அங்கே காற்று செங்குத்தாகக் கொட்டும்.

இறங்கியவுடன் எழுந்து ஓடுவது கடைசித் தவறு. காலி கிளைடர் லேசானது. ஒரு புழுதிச் சுழல் வந்தால் புரட்டிப் போட்டுவிடும். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, கயிற்றில் கட்டி, கண்ணாடியை மூடுங்கள். பறப்பைப் பதிவு செய்த கோப்பைக் குறித்த நேரத்துக்குள் அமைப்பாளர்களிடம் சேர்க்க வேண்டும்தான். அதை உதவிக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பலாம்.