கசியும் மீன் தொட்டி: மீன்களை இடம் மாற்றி, தொட்டியைச் சரிசெய்யும் முறை

தொட்டியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தால் முதல் வேலை மின்சாரம். ஹீட்டர், ஃபில்டர், லைட் எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, கை காய்ந்திருக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸே தண்ணீரில் நனைந்து கிடந்தால் அதைத் தொடாமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

கசிவு தொட்டியில்தானா?

கண்ணாடி மூட்டுகளை அடைக்கும் பசையான சிலிகானை வாங்கக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள். பல சமயம் தொட்டியில் பழுதே இருக்காது. மூடியின் உட்பக்கம் படிந்த நீர் விளிம்பு வழியாக வெளியே வழியும். வெளியே மாட்டும் ஃபில்டரின் இணைப்பில் சொட்டும். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால், அதன் குழாய் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடும்.

தொட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியிலும் மூலைகளிலும் டிஷ்யூ பேப்பரைச் செருகி வையுங்கள். நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஃபில்டர் ஓடாமலேயே மட்டம் இறங்கி, டிஷ்யூவும் நனைந்தால் தொட்டிதான் கசிகிறது. ஆனால் ஈரம் தெரிகிற இடத்தில்தான் ஓட்டை என்று நம்பிவிடாதீர்கள். மேல் மூட்டில் கசிகிற நீர் மூலையோடு இறங்கி, அடிச்சட்டத்துக்குள் ஓடி, எதிர்ப்பக்க மூலையில் சொட்டலாம். மட்டம் ஓர் உயரத்துக்கு வந்ததும் இறங்குவது நின்றுவிட்டால், கசிவு அந்த உயரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

கண்ணாடியிலேயே விரிசல் விட்டிருந்தால் இந்த முறை உதவாது. அந்தப் பலகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு தொட்டிதான். அக்ரிலிக் தொட்டிக்கும் இது பொருந்தாது. அதில் சிலிகான் சரியாகப் பிடிக்காது.

மீன்களுக்குத் தற்காலிக வீடு

இந்தப் பழுதை ஒரு நாளில் முடிக்க முடியாது. ஒட்டி, காய்ந்து, சோதித்து முடிக்க நாலைந்து நாளாவது ஆகும். அதனால் மீன்களை வாளியில் போட்டு ஓரமாக வைத்தால் போதாது. அத்தனை நாளும் அவை வாழ ஒழுங்கான இடம் வேண்டும்.

உயரமான வாளியைவிட அகலமான பிளாஸ்டிக் டப் நல்லது. நீர்ப்பரப்பு அகலமாக இருந்தால் காற்று கலப்பது எளிது. சோப்பு, பினாயில் பட்ட டப் வேண்டாம். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்; இறால் இருந்தால் அதற்கு முதல் எமன் செம்புதான்.

டப்பைத் தொட்டித் தண்ணீரால் நிரப்புங்கள். புழக்கத்தில் இருந்த ஸ்பாஞ்சோடு ஃபில்டரை உடனே டப்புக்கு மாற்றி ஓட விடுங்கள். பழைய தண்ணீரைப் பத்திரப்படுத்தத் தெரிந்த பலருக்கு ஸ்பாஞ்சின் அருமை தெரிவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அவை ஒட்டி வாழ்வது ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ வெயிலில் காயவைத்தாலோ அவை செத்துவிடும். கற்களையும் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்திருங்கள்.

ஹீட்டரை அணைத்த கையோடு வெளியே எடுக்காதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் தண்ணீருக்குள்ளேயே ஆறட்டும். சூட்டோடு எடுத்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். டப்பில் மாட்டும்போது பிளாஸ்டிக்கில் படாமல் தள்ளி மாட்டுங்கள்.

மீன் பிடிப்பதில் ஒரே தந்திரம், முதலில் தண்ணீரைக் குறைப்பது. பெரிய கல், செடி, அலங்காரப் பொருள்களை எடுத்துவிட்டு, மட்டத்தை ஒரு சாணுக்கும் கீழே இறக்கிய பிறகு வலையைப் போடுங்கள். ஒரு வலையை அசையாமல் மூலையில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் மெதுவாக அதற்குள் ஓட்டுங்கள். கோரிடோரஸ், பிளெக்கோ போன்ற கெளுத்தி வகை மீன்களின் முட்கள் வலையில் சிக்கிக் கிழியும். அவற்றை ஒரு சிறு டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து மொண்டுவிடுவது நல்லது. அடிக் கற்களைக் கிளறுவதை மீன்கள் வெளியேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தேங்கிய அழுக்கு கலங்கினால் அந்தக் கொஞ்சத் தண்ணீரும் நஞ்சாகிவிடும்.

டப்பை மூடி வையுங்கள், காற்றுக்கு இடைவெளி விட்டு. பயந்த மீன் துள்ளும். முதல் நாள் தீனி வேண்டாம். அப்புறம் தினமும் ஒரு சிட்டிகை போதும். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கும் மருந்து) விட்டாக வேண்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீரில் அந்த வைத்தியம் பலிக்காது.

பழைய சிலிகானை எடுப்பது

வேலையில் பாதி இதுதான். பலர் கசியும் இடத்தில் மட்டும், அதுவும் வெளிப்புறத்தில், கொஞ்சம் சிலிகான் அப்பிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியே பூசியதைத் தண்ணீர் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே பூசினால் அதே அழுத்தம் சிலிகானை மூட்டோடு சேர்த்து அழுத்தும். இன்னொன்று, காய்ந்த பழைய சிலிகான்மேல் புதியது சரியாக ஒட்டாது. ஆகவே உட்பக்க மூலைகள் அனைத்திலும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே என் சிபாரிசு.

பிளேடைக் கண்ணாடியோடு படுக்கவைத்து, மூலையிலிருக்கும் வரியை மட்டும் சீவி எடுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மெல்லிசாக ஒரு படலம் இருக்கும். தொட்டியைத் தாங்கிப் பிடித்திருப்பது அதுதான். பிளேடை அதற்குள் விடாதீர்கள். சீவிய இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் மாதிரி எங்காவது இழுத்துப் பிடித்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. கடைசியாக ஐசோப்ரோபைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. அதன்பிறகு அந்த இடத்தில் கை படக்கூடாது.

புதிதாகப் பூசுவது

டியூபில் நூறு சதவீத சிலிகான் என்று இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்றும் போட்டிருந்தால் கவலையே இல்லை. குளியலறைக்கென்று விற்கும் வகைகளில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். மீனுக்கு அது விஷம்.

மூலையின் இரு பக்கமும் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். டியூபை மாட்டிப் பிதுக்கும் சிலிகான் கன்னை ஒரே வேகத்தில் இழுத்து, இடைவெளி விழாமல் பிதுக்குங்கள். கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் அழுத்தி வழியுங்கள். திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம். ஐந்து பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும், அப்புறம் தொட்டால் பிசிறடிக்கும். டேப்பை ஈரத்தோடே உரித்துவிடுங்கள். ஒரு மூலை முடிந்த பிறகு அடுத்ததை ஆரம்பியுங்கள்.

சிலிகான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலிருந்து உள்ளே இறுகும். நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள், பெரிய தொட்டியென்றால் ஒரு வாரம். மீன் தொட்டி சிலிகான் பெரும்பாலும் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை முழுவதும் போகும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சோதனை, பிறகு மீன்கள்

தண்ணீர் சிந்தினால் பரவாயில்லாத ஓர் இடத்தில், சமதரையில், அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி சில மணி நேரம், மூன்றில் இரண்டு, பிறகு முழுவதும். நிரம்பிய தொட்டியை 24 மணி நேரமாவது விட்டு, தாள் காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்க நினைக்காதீர்கள். 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டியில் 54 லிட்டர், அதாவது 54 கிலோ. தூக்கும்போது முறுக்கு விழுந்தால் பூசியதெல்லாம் வீண்.

சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலியான தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்த ஸ்டாண்டும் மூட்டு விடுவதற்கு ஒரு காரணம். கற்கள், சேமித்த பழைய தண்ணீர், மீதிக்கு ஆன்டி குளோரின் விட்ட புதுத் தண்ணீர். வெப்பநிலை டப்போடு ஒத்துப்போன பிறகு மீன்களைச் சிறு டப்பாவில் எடுத்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அரை மணி நேரம் கழித்து விடுங்கள். ஃபில்டரையும் அதே ஸ்பாஞ்சோடு கையோடு மாட்டிவிடுங்கள். ஒரு வாரம் டெஸ்ட் கிட் வைத்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்துவிடுங்கள்.