இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்: உடல்நலப் பழக்கங்களைச் சிறிதாகத் தொடங்குவது எப்படி?

உடல்நலத்துக்காக இந்த மாதம் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்க விரும்புகிறவரிடம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் நடக்குமாறுதான் சொல்வேன். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பகுதியை, இயங்கிக்கொண்டிருக்கும் கால் தசைகள் எடுத்துக்கொள்வதால் அந்த நேரத்து நடைக்குத் தனிப் பயன் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. மழை பெய்தாலும், அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானாலும் நாம் எப்படியும் இரவு சாப்பிடத்தான் போகிறோம். தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு புதிய செயலைச் சேர்த்துவிட்டால் அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே “நேரம் கிடைக்கும்போது நடப்பேன்” என்று முடிவெடுக்காமல், “கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போவேன்” என்று முடிவெடுங்கள். இடமும் நேரமும் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டால், தினமும் மனத்தோடு வாதாட வேண்டிய அவசியம் இருக்காது.

பத்து நிமிடம் போதுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. இந்தக் கட்டத்தில் அளவைவிடத் தொடர்ச்சியே முக்கியம் என்பதால், தலைவலியோடு வீடு திரும்பிய நாளிலும், விருந்தினர் வந்திருக்கும் நாளிலும் செய்ய முடிகிற அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும்; அப்படிப்பட்ட நாள்களில் இரண்டு நிமிட நடையையும் முழுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பேசி காட்டும் 10,000 அடி என்ற இலக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் வழியாகப் பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் கண்டறியப்பட்ட எல்லை அல்ல.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று பலரும் சொல்வதுண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்ற 96 பேரும் உண்பது, குடிப்பது, உடலை இயக்குவது ஆகியவற்றில் ஏதேனும் ஒரு புதிய செயலை அன்றாடம் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அந்தச் செயல் தானாகவே நடக்கும் நிலையை எட்டுவதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுத்தர அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே திருமணத்துக்காக வெளியூர் போய் இரண்டு நாள் விட்டுப்போனால் அதற்காக வருந்தி மூன்றாம் நாள் இரட்டிப்பாக நடக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பிய அன்றிரவு வழக்கமான பத்து நிமிடத்தை மட்டும் நடந்தால் போதும்.

உணவில் முதல் மாற்றத்தைக் காபியிலோ தேநீரிலோ தொடங்குவது எளிது. நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் ஆகிவிடுகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு சுமார் 25 கிராம்தான். காபியிலேயே அது தீர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தினால் நாக்கு ஏற்காது. வேளைக்கு அரைத் தேக்கரண்டியை மட்டும் குறைத்து, அந்தச் சுவை பழகும் வரை இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டு, பிறகு அடுத்த அரைத் தேக்கரண்டியைக் குறையுங்கள். டீக்கடையில் “சர்க்கரை கம்மியா” என்று மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சோற்றைக் குறைக்க நினைப்பவர்கள் சோற்றை அளப்பதற்கு முன்னால் தட்டில் பரிமாறும் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் சோறு முதலில் மலைபோல் விழுகிறது. பொரியல் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஓரத்தில் இடம்பிடிக்கிறது. முதலில் இரண்டு கரண்டி பொரியலையோ கூட்டையோ பரப்பி வைத்து, மீதமுள்ள இடத்தில் சோறு போட்டால், சாம்பாரையும் ரசத்தையும் விடாமலேயே சோற்றின் அளவு குறையும். நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்ற பரிந்துரையை நெருங்கவும் இது உதவும்.

ஆனால் தட்டில் காய் கூட வேண்டுமென்றால் அடுப்படியில் ஒருவருக்கு வேலை கூடுகிறது என்பதைச் சமைக்காதவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால், முந்தின இரவே அவரைக்காயையோ பீன்ஸையோ நார் எடுத்து, நறுக்கி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதை உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அவரிடம் புதிய உணவுப் பட்டியலை நீட்டுவது நியாயமும் அல்ல, நீடிக்கவும் செய்யாது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், நடக்கும்போது மார்பில் அழுத்தமோ கடுமையான மூச்சுத்திணறலோ உணர்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே நடையையும் உணவையும் மாற்ற வேண்டும்.

கை கழுவியதும் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடும் நிலை வந்த பிறகு அளவைக் கூட்டலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. சற்று வேகமாக நடந்தால், இரவு நடையிலேயே வாரம் 70 நிமிடம் சேர்ந்துவிடும். காலை உணவுக்குப் பின் இன்னொரு பத்து நிமிடத்தைச் சேர்த்தால் அது 140 ஆகும். தசைப் பயிற்சிக்கு ஒரு நாற்காலியே போதும். குக்கரில் விசில் வரக் காத்திருக்கும் நேரத்தில், கைகளை ஊன்றாமல் ஐந்து முறை மெதுவாக எழுந்து உட்காருங்கள். ஐந்து எளிதானதும் எட்டாக்குங்கள்.