மகாவலிக் கரையோரக் காட்டுப்பாதையில் நடப்பதற்கான வழிகாட்டல்

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவில் கடலைச் சேரும் திருகோணமலை மாவட்டத்தில், ஏற்றமில்லாத ஆற்றோரப் பாதைகளில் முதியவர்களும் சிறுவர்களும் கூட நடக்கலாம். வடகீழ்ப் பருவமழையில் கரை வெள்ளத்தில் மூழ்குவதால், கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலமே ஏற்றது.

யானைகளைப் பற்றியே முதலில் சிந்திக்க வேண்டும். அவை அதிகாலையிலும் மாலையிலும் நீருக்கு வருமாதலால், வெளிச்சம் நன்கு பரவியபின் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பாதையில் ஈரம் காயாத இலத்தியையோ, புதிதாக முறிந்த கிளையையோ கண்டால், எவ்வளவு ஆசையிருந்தாலும் வந்த வழியே அமைதியாகத் திரும்புவதே சரியான முடிவாகும். சோமாவதிய தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லைக்குள் நுழையுமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள்.

முதலைகள் வாழும் ஆறு இது. ஆகவே முகம் கழுவுவதற்குக்கூட நீரின் விளிம்புக்கு இறங்கக் கூடாது. தனியே செல்லாமல், அவ்விடத்தை அறிந்த ஊரவர் ஒருவரை, பெரும்பாலும் மீனவரையோ விவசாயியையோ, உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத மரத்தில் எந்தப் பறவை தங்கும் என்பதையும் அவரே காட்டுவார். மூடிய சப்பாத்து, தொப்பி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் ஆகியன போதும்.

கழிமுகத்தை அண்மித்ததும் கண்டல் மரங்கள் தொடங்கும். சேற்றிலிருந்து மேலெழும் அவற்றின் மூச்சுவேர்கள் மிதிபட்டால் மரமே நலிவுறும் என்பதால், காய்ந்த தடத்தை விட்டு ஒருபோதும் விலகாதீர்கள்.